செகண்ட்ஸ் சூரியன்

பார்சலைக் கையில் வாங்கியபோதே உள்ளே சலசலத்தது. நல்ல சகுனமில்லை. தெர்மாகோல் பெட்டியைப் பிரித்தேன். கருநீலத்தில் 40 சதுரத் தகடுகள். 33 முழுசாக இருந்தன. மூன்றுக்கு முனை மட்டும் பெயர்ந்திருந்தது. மீதி நான்கும், பந்தியில் யாரோ உள்ளங்கையால் அமுக்கிவிட்ட அப்பளம்.

மொட்டைமாடிக்குச் சொந்தமாக ஒரு சோலார் பேனல் கட்டிப் பார்த்துவிடுவது என்று கிளம்பியதன் முதல் கட்டம் இது. பேனல் என்பது கண்ணாடிக்கு அடியில் வரிசையாகக் கோத்து வைத்த சூரியக் கலங்கள். கடை பாஷையில் சோலார் செல்கள். கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் எந்த ஊரிலும் கிடைக்கும். செல்லைத் தேடிப் பிடிப்பதுதான் கதை. விற்றவர் பொடி எழுத்தில் ‘பி கிரேடு’ என்று போட்டிருந்ததை, நொறுங்கியதைப் பார்த்த பிறகுதான் படித்தேன்.

பி கிரேடு என்றால் என்ன என்று திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிக்குத் தைத்த பனியனில் ஒரு தையல் கோணலாகிவிட்டால் அது ‘செகண்ட்ஸ்’. உடம்புக்கு அதே பனியன்தான், கப்பலுக்குத்தான் ஆகாது. சோலார் செல்லிலும் அப்படியே. முனை பெயர்ந்தது, நிறம் ஒத்துப்போகாதது, வெள்ளிக் கோடு சற்றே விலகி அச்சானது, மின்சாரம் கொஞ்சம் குறைவாகத் தருவது என்று தொழிற்சாலை ஒதுக்கிவைப்பவைதான் என்னைப் போன்ற வீட்டுப் பட்டறைக்காரர்களின் கைக்கு வருகின்றன. முதல் தரச் செல், தொழிற்சாலையிலிருந்து தொழிற்சாலைக்குப் பெட்டி பெட்டியாகப் போகிறது. 40 செல் கேட்கிற ஆளுக்கு அங்கே என்ன மரியாதை?

நிறம் ஒரு குறையா என்று கேட்கலாம். சிலிக்கானின் சொந்த நிறம் எவர்சில்வர் போன்ற பளபளப்பான சாம்பல். விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை அப்படியே திருப்பியடித்துவிடும். அதைத் தடுக்க, சிலிக்கான் நைட்ரைடு என்ற பொருளை ஒரு படலமாகப் பூசுகிறார்கள். படலத்தின் தடிமன் சுமார் 75 நானோமீட்டர். தலைமுடியை நெடுக்காக ஆயிரம் ஏடாக உரித்தால் அதில் ஓர் ஏடு. சோப்புக் குமிழியின் மேல் வானவில் தெரிவதுபோல, அந்த மெல்லிய படலம்தான் செல்லுக்கு நீலத்தைத் தருகிறது. சாயம் ஒரு சொட்டும் கிடையாது. தடிமன் சில நானோமீட்டர் கூடிக் குறைந்தால் ஊதாவோ வெளிர்நீலமோ ஆகிவிடும். பட்டுச்சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் பார்க்கும் கறாரோடு தொழிற்சாலைக் கேமரா அதைப் பிடித்துத் தள்ளிவிடும். மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. நமக்கு அதிர்ஷ்டம்.

நொறுங்கிய செல்லின் ஒரு துண்டை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். 0.18 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் கனம். பழைய ஆறு அங்குல வகை இது: பக்கத்துக்கு 156 மில்லிமீட்டர். முழுச் செல்லின் எடை 10 கிராம், அதாவது ஒன்றேகால் சவரன். ஒப்பிடத் தங்கத்தை இழுத்தது சும்மா இல்லை. தூய்மையில் 24 காரட் தங்கம் இதன் பக்கத்தில் வரமுடியாது. 916 தங்கத்தில் ஆயிரத்துக்கு 84 பங்கு வேறு உலோகம். செல்லுக்கான சிலிக்கானிலோ 100 கோடி அணுக்களுக்கு ஒன்றிரண்டு அந்நியர் என்ற அளவுவரை வடிகட்டுகிறார்கள். இந்தியா முழுக்கத் தேடினாலும் வெளியூர் ஆள் இரண்டு பேர்தான் அகப்படுவார்கள் என்பதுபோல.

அந்தத் தூய்மை எப்படி வருகிறது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. வெண்படிகக் கல்லைக் கரியோடு சேர்த்து, 2000 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்கினால் 98, 99 சதவீதச் சிலிக்கான் கிடைக்கும். அதற்குமேல் திடப்பொருளைச் சுத்தம் செய்வது கஷ்டம். அதனால் அதை ஹைட்ரஜன் குளோரைடோடு வினைபுரியவிட்டுத் திரவமாக்குகிறார்கள். டிரைகுளோரோசிலேன் என்ற அந்தத் திரவம் 32 டிகிரியிலேயே கொதிக்கும். சென்னையில் வெளியே வைத்தால் அடுப்பே வேண்டாம். பிறகு என்ன, சாராயம் காய்ச்சுவது போலத்தான்: ஆவியாக்கு, குளிரவை, மறுபடி ஆவியாக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அழுக்கு பின்தங்கும். கடைசியில் அந்த ஆவியைச் சிவக்கக் காய்ந்த கம்பிகளின்மேல் பாய்ச்சினால், தூய சிலிக்கான் கம்பியைச் சுற்றித் தடித்து வளரும். கல் திரவமாகி, ஆவியாகி, மீண்டும் கல்லாகிறது.

இத்தனை பாடுபட்டு அந்நியரை விரட்டிய பிறகு, அடுத்த வேலை அளவோடு அந்நியரைச் சேர்ப்பது! சுத்தமான சிலிக்கான் சோம்பேறி. மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. 50 லட்சம் அணுவுக்கு ஒரு போரான் அணு என்ற கணக்கில் கலந்தால் அது வேலைக்கு வரும். பிறகு மேற்பரப்பில் மட்டும், அரை மைக்ரானுக்கும் குறைவான ஆழத்துக்கு, பாஸ்பரஸை ஊடுருவ விடுகிறார்கள். போரான் பகுதியும் பாஸ்பரஸ் பகுதியும் தொடும் எல்லைக்குச் சந்தி என்று பெயர். எலெக்ட்ரான்களை ஒரே பக்கமாகத் தள்ளும் ஒருவழிப் பாதை அது. வெளிச்சம் வந்து சிலிக்கானுக்குள் ஓர் எலெக்ட்ரானைத் தட்டி எழுப்பினால், சந்தி அதை மேல்பக்கமாகத் தள்ளிவிடுகிறது. வெள்ளிக் கோடுகள் பொறுக்கிக்கொள்கின்றன. முழு வெயிலில் ஒரு செல்லிலிருந்து 8 ஆம்பியர் கிடைக்கும். விநாடிக்கு 5 லட்சம் கோடிக் கோடி எலெக்ட்ரான்கள். நகரும் பாகம் ஒன்றுமில்லை, சத்தமில்லை, தேய்மானமில்லை.

இனி உடைந்த துண்டுக்கு வருவோம். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் துண்டின் மேலும் மறுமுனையைக் கீழும் வைத்து வெயிலில் காட்டினேன். 0.58 வோல்ட். முழுச் செல்லை வைத்தேன். அதுவும் 0.58 வோல்ட். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு மீட்டர்மேல் சந்தேகம் வரும். மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தோடு வரும் என்பதைத் தொட்டியின் உயரம் தீர்மானிக்கிறது. எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைக் குழாயின் அகலம். செல்லில் உயரம் என்பது சிலிக்கான் அணுக்களின் குணம். அதைப் பெரிதாக வெட்டி உயர்த்தவும் முடியாது, சின்னதாக உடைத்துக் குறைக்கவும் முடியாது. அகலம்தான் நம் கையில். நகக்கண் அளவு துண்டும் ஒரு முழு மின்நிலையம். ஆம்பியர் மட்டும் சிறுத்துவிடும். தோட்டத்தில் குத்திவைக்கும் சின்ன விளக்குகளில் இருப்பவை, பெரிய செல்லை லேசரால் நறுக்கிய இந்தக் கீற்றுகள்தான்.

வேலை செய்யும்போது ஒரு செல் தருவது சுமார் அரை வோல்ட். இதை வைத்துக்கொண்டு ஒரு சிவப்பு எல்.இ.டி.யைக்கூட எரியவிட முடியாது. எனவே ஒன்றின் தலையை இன்னொன்றின் வாலோடு கோக்க வேண்டும். டார்ச் லைட்டில் பாட்டரி போடுவதுபோல வோல்ட் கூடிக்கொண்டே போகும். 12 வோல்ட் பாட்டரிக்கான பேனலில் 36 செல். மொத்தம் 18 வோல்ட். 12-க்கு எதற்கு 18? பாட்டரி முழுதாக ஏற 14.4 வோல்ட்வரை தள்ள வேண்டும். மிச்சத்தைச் சூடு தின்றுவிடும்.

சூடு என்பது சோலார் செல்லின் விசித்திரமான பகை. வெயில் வேண்டும், ஆனால் வெக்கை ஆகாது! ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஒரு செல்லில் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். லேபிளில் அச்சடிக்கும் எண்ணெல்லாம் 25 டிகிரிச் செல்லுக்கு. சித்திரை மாத மொட்டைமாடியில் செல் 60 டிகிரியைத் தாண்டும். 36 செல், 35 டிகிரி, 2 மில்லிவோல்ட். பெருக்கிப் பாருங்கள், இரண்டரை வோல்ட் ஆவியாகிவிட்டது. மிச்சம் பதினைந்தரை. டையோடும் வயரும் இன்னும் அரை வோல்ட் எடுத்துக்கொண்டால், பாட்டரிக்குத் தேவையானதற்கு ஒட்டி வந்து நிற்கிறோம். 36 என்ற எண்ணை யாரோ நன்றாக வியர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதே வெயில் ஊட்டியில் அடித்தால், வேலூரைவிட அதிக மின்சாரம் கிடைக்கும்.

36 பேரை ஒரே வரிசையில் கோத்ததில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒரு செல்லைக் கடக்கும் அதே மின்னோட்டம்தான் மற்ற 35 செல்களையும் கடந்தாக வேண்டும். நூறடி ஹோஸ் பைப்பில் ஓரிடத்தில் மட்டும் காலால் மிதித்தால் முனையில் என்ன வரும்? 35 செல் 8 ஆம்பியரும் ஒன்று 6 ஆம்பியரும் தருவதாக இருந்தால், மொத்த வரிசையும் ஏறக்குறைய 6-க்கு வந்துவிடும். ஒரு செல்லின்மேல் மட்டும் தென்னை ஓலையின் நிழல் விழுந்தால் இன்னும் மோசம்: மற்ற 35-ம் சேர்ந்து அதன் வழியே மின்சாரத்தைத் திணிக்கப் பார்க்கும். மின்சாரம் தர வேண்டிய செல் மின்சாரத்தைத் தின்று, சூடேறிக் கருகிப்போகும். அதற்காகத்தான் பேனலின் பின்னால் உள்ள கறுப்பு டப்பாவில், 18 செல்லுக்கு ஒன்று என்று, மாற்றுவழி டையோடு வைக்கிறார்கள். பாலம் உடைந்தால் ஊரைச் சுற்றிப் போகச் சொல்லும் பலகைதான் அது.

ஆகவே செல் வாங்கும்போது தரத்தைவிடப் பெரிய கேள்வி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பது. தொழிற்சாலை இதைச் சாதிக்கும் விதம் அழகு. ஒவ்வொரு செல்லின்மேலும் செயற்கைச் சூரியன் ஒன்று கண்ணிமைக்கும் நேரம் மின்னும். சதுர மீட்டருக்கு 1000 வாட் என்ற நியமச் சூரியன். அந்த மின்னலுக்குள் செல்லின் வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளந்தாகிவிடும். இயந்திரக் கை அதை உரிய பெட்டியில் போடும். அடுத்தடுத்த பெட்டிகளுக்கு நடுவே வித்தியாசம் சதவீதத்தில் பத்தில் ஒன்று, இரண்டு. முத்தைச் சல்லடை சல்லடையாகத் தரம்பிரிப்பதுபோல. பத்து இடத்தில் பத்துப் பத்தாக வாங்கிச் சேர்த்தால் இந்தப் பொருத்தம் போய்விடும். ஒரே லாட்டில், உடைசலுக்கும் சேர்த்துக் கூடுதலாக நான்கைந்து வாங்குவது வீட்டுப் பட்டறையின் முதல் பாலபாடம். அதைத்தான் செய்தேன் என்று பெருமையடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பெட்டி சலசலத்தது.

தள்ளுபடிச் சரக்கு என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. சிலிக்கான் செல்லின் வரலாறே உடைசலிலும் கழிவிலும் தொடங்கியது. 1940-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் சிலிக்கான் துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்று நடுவே விரிசல் விட்டது. அதன்மேல் வெளிச்சம் பட்டபோது மீட்டர் முள் எக்கச்சக்கமாகத் துள்ளியது. உருகிய சிலிக்கான் உறையும்போது அழுக்குகள் ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் ஒதுங்கிவிட்டிருந்தன. மேலே சொன்ன சந்தி, யாரும் திட்டமிடாமல் அந்தத் துண்டுக்குள் உருவாகியிருந்தது.

அதே ஆய்வகத்தில் 1954 ஏப்ரலில் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் முதல் பயன்தரும் சிலிக்கான் செல்லைக் காட்டினார்கள். விழும் வெயிலில் 6 சதவீதம் மின்சாரமானது. ஒரு பொம்மை ராட்டினம் சுற்றியது. சேப்பின் எதற்காக இதில் இறங்கினார் தெரியுமா? ஈரக்காற்று வீசும் வெப்பநாடுகளில் தொலைபேசிக்கு வைக்கும் உலர் பாட்டரிகள் சீக்கிரமே பாழாகிவிடுகின்றன என்று மாற்றுத் தேடிக் கிளம்பியவர் அவர். நம்மைப் போன்ற புழுக்க பூமிக்குப் பிறந்த சரக்கு இது. ஆனால் விலை? 1956-ல் அவர் போட்ட கணக்கில் ஒரு வாட்டுக்கு 286 டாலர். பூமியில் யார் வாங்குவார்கள்! செல்கள் வானத்துக்குப் போயின. 1958-ல் ஏவிய வேன்கார்டு-1 செயற்கைக்கோள் அவற்றைச் சுமந்தபடி இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேச்சு மட்டும் எப்போதோ நின்றுவிட்டது.

தரைக்கு இறக்கியவர் எல்லியட் பெர்மன். 1970-களின் தொடக்கத்தில், எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் பணத்தோடு, சோலார் செல்லை மலிவாக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அவர் செய்த காரியங்களில் ஒன்று, சிப் தொழிற்சாலைகள் ஆகாது என்று ஒதுக்கிய சிலிக்கான் தகடுகளை வாங்கியது. கணிப்பொறிச் சில்லுக்கு ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் ஆபத்து. வெயில் காய்கிற தகட்டுக்கு என்ன வந்தது? 100 டாலரை ஒட்டியிருந்த ஒரு வாட்டின் விலை, 1973-ல் 20 டாலருக்கு இறங்கியது. முதல் பெரிய வாடிக்கையாளர்களும் எண்ணெய்க்காரர்களே. மெக்சிகோ வளைகுடாவில் நின்ற எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்குப் பாட்டரி மாற்ற அடிக்கடி படகு விட்டுக்கொண்டிருந்தவர்கள், சோலாருக்கு மாறினார்கள். எண்ணெய்க் கிணற்றின் தலைமேல் சூரியவிளக்கு. அதற்குப் பிறகும் வெகுகாலம் சோலார் தொழில் சிப் தொழிலின் எச்சிலில்தான் வளர்ந்தது. 2000-களின் நடுவில் பசி பெருத்து எச்சில் போதாமல்போனது. 2008-ல் தூய சிலிக்கான் கிலோ 400 டாலருக்குமேல் ஏறியது. புதிய ஆலைகள் வந்தபிறகு தடாலென்று விழுந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் பேனல் கட்டியவர்களின் கையில் அதிகம் புழங்கியது ஒரு வினோதமான செல். மூன்றுக்கு ஆறு அங்குலம். எவர்கிரீன் சோலார் என்ற மாசசூசெட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் விசேஷம் புரிய, மற்ற செல்களை எப்படி வெட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிலிக்கான் பாளத்தை மெல்லிய கம்பி ரம்பத்தால் ஏடு ஏடாகச் சீவுவார்கள். அன்றைய கம்பி, ஏட்டின் கனத்துக்குக் கொஞ்சம்தான் குறைவான கனத்தைத் தூளாக்கிவிடும். வெண்டைக்காய் நறுக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஏறக்குறைய இன்னொரு துண்டு கத்தியோடு போய்விட்டால் வீட்டில் விடுவார்களா? அதுவும் 100 கோடிக்கு ஒன்றிரண்டு மாசு மட்டுமே உள்ள வெண்டைக்காய்!

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் எமானுவேல் சாக்ஸ் ரம்பத்தையே தூக்கிப்போட்டார். உருகிய சிலிக்கான் குளத்திலிருந்து இரண்டு இழைகளை இணையாக மேலே இழுத்தார். சோப்புத் தண்ணீரில் முக்கிய வளையத்தில் படலம் நிற்குமே, அதேபோல் இரண்டு இழைகளுக்கு நடுவே சிலிக்கான் படலம் நிற்கும். ஏற ஏற உறைந்து நாடாவாகிவிடும். 1400 டிகிரியில் சோப்புக் குமிழி விளையாட்டு. நாடாவை நறுக்கினால் எவர்கிரீன் செல். சேதாரம் கிட்டத்தட்ட இல்லை. இழைகள் அதன் இரு ஓரங்களுக்குள்ளேயே தங்கிவிடும். கூர்ந்து பார்த்தால் அந்தச் செல்களின் பரப்பில் மெல்லிய அலை தெரியும்.

இந்தச் செல்களை விற்றவர்கள் சிலர், தபாலில் உடையாமலிருக்க அடுக்கடுக்காக மெழுகில் முக்கி அனுப்பினார்கள். வாங்கியவர் வெந்நீரில் போட்டு மெழுகை உருக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் ஈயம் பிடிக்காது. இடியாப்பத்தைச் சிக்கெடுப்பதைவிடப் பொறுமை வேண்டும். அப்படிப் பிரித்த 36 செல்லைக் கோத்தால் சுமார் 63 வாட். பிறகு சிலிக்கான் விலை சரிந்தது. சேதாரத்தை மிச்சம்பிடிக்கும் வித்தைக்குச் சந்தையில் மதிப்பில்லாமல் போயிற்று. 2011 ஆகஸ்டில் எவர்கிரீன் திவால் மனு போட்டது. ஓர் அருமையான யோசனையைப் போட்டியாளர்களைவிட மூலப்பொருளின் மலிவு அதிகமாக அடித்தது.

இன்று கதை சீனாவில். சர்வதேச எரிசக்தி முகமையின் 2022 அறிக்கைப்படி, சிலிக்கானில் தொடங்கிப் பேனல்வரை எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். நம் பக்கமும் சக்கரம் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் டாடா பவர் அமைத்திருக்கும் ஆலையின் திறன் ஆண்டுக்கு 4.3 கிகாவாட். இன்றைய பெரிய செல் ஒன்று 8 வாட் என்று கொண்டால், முழுத் திறனில் ஓடும்போது விநாடிக்கு 17 செல். இந்த வரியை நீங்கள் படிப்பதற்குள் ஒரு முழுப் பேனலுக்கானவை வந்து விழுந்திருக்கும். நூற்றில் ஒன்று தள்ளுபடி என்று வைத்துக்கொண்டாலும் ஆறு விநாடிக்கு ஒரு செகண்ட்ஸ். பிள்ளைப்பாக்கத்தில் இருக்கும் ஃபர்ஸ்ட் சோலார் ஆலையை நம்பிப் பிரயோஜனமில்லை. அங்கே காட்மியம் டெலுரைடைக் கண்ணாடியின்மேலேயே படலமாகப் படியவைத்துக் கோடு கிழித்துப் பிரிக்கிறார்கள்; கையில் எடுக்கத் தனிச் செல் என்று ஒன்று கிடையாது.

செல் கிடைத்தபின் ஈயம் வைக்கும் படலம். ஈயம் பூசிய தட்டையான செம்புப் பட்டையை ஒரு செல்லின் முகத்தில் ஒட்டி, அதே பட்டையை அடுத்த செல்லின் முதுகுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வகைச் செல்லில் சூரியனைப் பார்க்கும் முகம் மைனஸ், முதுகு பிளஸ். முதல் வரிசையில் இதை மாற்றிப் போட்டுவிட்டு அரைநாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். முதுகு முழுக்க அலுமினியம். அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. அதற்காகவே அங்கங்கே வெள்ளித் திட்டுகள் வைத்திருக்கிறார்கள். ஒரு செல்லில் முன்னும் பின்னுமாக மொத்தம் 0.1 கிராம் அளவுக்கு வெள்ளி. இன்னொரு சூட்சுமம்: சூடேறும்போது செம்பு, சிலிக்கானைப்போல ஆறு மடங்கு விரியும். இரண்டையும் விறைப்பாகப் பிணைத்தால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி இழுத்தே செல்லைக் கீறிவிடும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே பட்டையைக் கொஞ்சம் தளர்வாக வளைத்துவிட வேண்டும். ரயில் தண்டவாளத்தில் இடைவெளி விடுகிற அதே சங்கதி.

செல்லைச் சோதிக்க வோல்ட் பார்த்தால் போதாது. டியூப்லைட் வெளிச்சத்தில்கூட நோஞ்சான் செல் ஓரளவு வோல்ட் காட்டி ஏமாற்றும். வெயிலில் வைத்து, மீட்டரை 10 ஆம்பியருக்குத் திருப்பி, இரண்டு முனையையும் நேராக இணைத்துவிட வேண்டும். ஷார்ட் சர்க்யூட்! பாட்டரியில் இதைச் செய்தால் தீப்பொறி பறக்கும். செல்லுக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை ஒளித்துகள் உள்ளே வந்ததோ அத்தனைக்குத்தான் எலெக்ட்ரான். எவ்வளவு கெஞ்சினாலும் மிரட்டினாலும் அதற்குமேல் தராது. என் 36-ம் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே நின்றன. ஆம், 36. முனை பெயர்ந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டேன். பெயர்ந்தது பரப்பில் நூற்றில் இரண்டு, இழப்பும் அவ்வளவுதான்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஓர் உண்மை. இப்படிக் கட்டும் பேனல் கடைப் பேனலைவிட மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு காலத்தில் உண்மை. இன்று சில்லறைச் செல்லுக்குக் கொடுக்கும் காசிலேயே ஆலைப் பேனலை நெருங்கிவிடலாம். அதோடு ஆலையில் செருப்பு அடிப்பாகத்துக்கும் பயன்படும் ஈ.வி.ஏ. இனத்துப் பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே செல்லை வைத்து, காற்றை உறிஞ்சி, 150 டிகிரியில் அழுத்திக் கண்ணாடியோடு ஒரே உடம்பாக்கிவிடுகிறார்கள். வீட்டில் அது கஷ்டம். வீட்டுப் பேனல்கள் சாவது பெரும்பாலும் வெயிலால் இல்லை. உள்ளே நுழையும் ஈரத்தால். ஓர் ஐப்பசி மழை போதும், பட்டைகள் பச்சை பூக்க. அதே ஒட்டின் காரணமாகத்தான் பழைய பேனலைப் பிரித்துச் செல் எடுப்பதும் நடக்காத காரியம்; கண்ணாடியை விட்டு வருவதற்குள் நொறுங்கிவிடும். காயலான் கடையில் செத்த பேனல் கிடைத்தால் முதலில் பின்னாலுள்ள கறுப்பு டப்பாவைத் திறந்து பாருங்கள். போயிருப்பது ஒரு டையோடாக இருக்கலாம். செல்கள் அப்படியே உயிரோடு இருக்கும்.

என் 36 செல்லும் சேர்ந்தால் சுமார் 135 வாட். நாளுக்கு ஐந்து மணிநேர முழு வெயில் என்று கொண்டால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சூடும் பாட்டரியும் தின்றதுபோக அரை யூனிட் மிஞ்சும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று ராத்திரி முழுக்கச் சுற்றி, மறுநாள் மதியத் தூக்கத்துக்கும் வரும். அதற்காகவா இவ்வளவு பாடு என்று வீட்டில் கேட்டார்கள். பதிலுக்கு ஒரு வித்தை காட்டினேன்.

சோலார் செல்லைத் திருப்பி ஓட்டலாம். வெளிச்சம் கொடுத்து மின்சாரம் வாங்குவதற்குப் பதில், மின்சாரம் கொடுத்தால் அது வெளிச்சம் தரும். மின்னொளிர்வு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பழைய வெப்கேமரா ஒன்றின் உள்ளே இருந்த அகச்சிவப்பு வடிகட்டியைப் பிடுங்கிவிட்டு, இரவில் விளக்கையெல்லாம் அணைத்து, செல்லுக்கு மின்சாரம் கொடுத்து, கேமராவைச் சில விநாடி பார்க்கவிட்டேன். கேமராவின் கண்ணும் சிலிக்கான்தான். வெறும் இருட்டாகத் தெரிந்த மேசைமேல், கணினித் திரையில் ஒரு சதுரம் நிலவுபோல மலர்ந்தது. ஆலைகளில் தரம் பிரிக்கும் முறைகளில் இதுவும் ஒன்று. மின்சாரம் எட்டாத இடம் ஒளிராது.

முனை பெயர்ந்த மூன்றும், பெயர்ந்த இடம்வரை பழுதில்லாமல் ஒளிர்ந்தன. முழுசாக இருந்த 33-ல் ஒன்று, விரலால் தடவினாலும் தெரியாத ஒன்று, நடுவிலிருந்து கிளைவிட்டுப் படர்ந்த கறுப்பு விரிசலோடு திரையில் வந்தது. இன்றைக்கு எட்டு ஆம்பியர் தரும். நாலு கோடை போனால் கிளை முறியும். அதன் முதுகில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, நொறுங்கிய நான்கோடு வைத்தேன். மிச்சம் 35. அதே லாட்டில் இன்னும் ஒன்று வேண்டும். ஒற்றைச் செல் தருவார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.